'நாம்' என்பதில் ஒரு திருத்தம்

பண்ணையில் அவளைத் திருத்தக்கா என்றார்கள். நேரில் கூப்பிடும்போது வெறும் அக்கா, முதுகுக்குப் பின்னால் திருத்தக்கா. அது முதன்முதலாக அவள் காதில் விழுந்த அன்று சொன்னவர்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு அவரைக்கொடியைத் தீவிரமாக ஆராய்ந்தார்கள்.

"'திருத்து'கூட 'அக்கா' சேந்தா அப்படித்தான் வரும். இந்த ஒண்ணையாவது பிழையில்லாம செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நேரிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள்.

முப்பத்தோரு வருடம் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்தியவள். மூன்றாம் வகுப்பு அறிவியலில் 'தவலை தண்ணீரில் முட்டையிடும்' என்று அச்சாக இருந்ததைக் கடைசி நேரத்தில் பிடித்து, பாத்திரம் முட்டை போடுவதாக ஒரு தலைமுறை படிக்காமல் காப்பாற்றியவள். வேலைக்கு வெளியிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. மருந்துச் சீட்டு, பஸ்ஸின் பின்பக்கம், கல்யாண அழைப்பிதழ், இரங்கல் அறிவிப்பு எதையும் பேனா இல்லாமல் படித்ததில்லை. கல்யாணம் அவளுக்கும் இரண்டு தடவை கூடிவந்து கலைந்தது. இரண்டாவது மாப்பிள்ளை எழுதிய கடிதத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பினாள் என்று தங்கை சொல்வாள். அது பொய். திருத்தினாள், அனுப்பவில்லை.

ஓய்வு பெற்றதும் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கமான மனிதர்கள். அதுதான் சங்கடம். துடைப்பத்தைத் தொட்டால் தங்கை, "நீ உக்காருக்கா" என்பாள். காய் நறுக்கப் போனால் தங்கை மகள், "பெரியம்மா, நீங்க உக்காருங்க" என்பாள். தங்கை வீட்டுக்காரர் அவள் எழுந்தாலே தானும் எழுந்து நாற்காலியைச் சரிசெய்து கொடுப்பார். ஒன்றரை வருடம் உட்கார்ந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் வலி வந்தது. நின்றால் சரியாகிவிடும்போல இருந்தது, நிற்கத்தான் விடவில்லை.

அப்போதுதான் தக்காளிப் பையோடு அந்த நாலு பக்கத் துண்டுப் பிரசுரம் வந்தது. ஊரை விட்டு ஒரு மணி நேரத் தொலைவில் சிலர் சேர்ந்து ஒரு நிலத்தில் உழைத்து, ஒரே அடுப்பில் சமைத்து, யாருக்கும் யாரும் முதலாளி இல்லாமல் வாழ்கிறார்கள், தக்காளி அங்கே விளைந்தது என்று அதில் போட்டிருந்தது. நாலு பக்கத்தில் நாற்பத்தொரு பிழை. எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி அதிலிருந்த முகவரிக்குத் தபாலில் அனுப்பினாள். ஒரு வாரத்தில் கார்டு வந்தது.

'பிழைகளை சுட்டிக் காட்டியதற்கு நன்றி. எங்கள் பிழைப்பையும் ஒருமுறை வந்து பாருங்கள்.'

முதல் வார்த்தைக்குப் பின்னால் ஒரு 'ச்' விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

*

கார்டு எழுதியவர் தச்சர். பண்ணையின் கதவு, கட்டில், மாட்டுத்தொட்டி மூடி எல்லாம் அவர் கைவேலை. அறிவிப்புப் பலகைகளும் அவருடையவை. கூட்டக் குறிப்பேடும் அவரிடம்தான் இருந்தது, வேறு யாரும் வாங்கிக்கொள்ள முன்வராததால்.

பண்ணையில் இருபத்து மூன்று பேர். காலையில் நாலு மணி நேரம் மண்ணில் வேலை, மதியத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம் சமையலறை, மாட்டுக்கொட்டில், துணி துவைப்பு என்று ஏதாவது ஒன்றில். மண்வெட்டியிலிருந்து ஊசிவரை எதுவும் யாருடையதும் இல்லை, எல்லாம் பொது அலமாரியில். புதிதாக வருகிறவர் ஒரு வருடம் கூட இருந்து உழைக்க வேண்டும். வருட முடிவில் கூட்டம் கூடி முடிவு சொல்லும். ஏற்றுக்கொண்டால் பழத்தோட்டத்துக்குப் பின்னால் நிரந்தர அறை. இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் புதியவருக்கென்று இருப்பது ஒரே அறை, அதற்கு வரிசையில் ஆள் நிற்கிறது.

முதல் வாரம் அவளைக் காரட் பாத்தியில் களையெடுக்க விட்டார்கள். வரிவரியாக இருந்த பாத்தியைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. வேலை தெரிந்த வேலைதான், சரியானவற்றுக்கு நடுவே தப்பானதைக் கண்டுபிடிப்பது. இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றாள். சமையலறையைப் பார்த்துக்கொள்கிற சித்தி வந்து பார்த்தாள். அவள் யாருக்கும் சித்தி இல்லை, அதனால் எல்லாருக்கும் சித்தி.

"அக்கா, சரியானதையெல்லாம் பிடுங்கிட்டுப் பிழையை அப்படியே விட்டு வச்சிருக்கீங்க."

"இது காரட் இல்லையா?"

"அது பேரு எங்களுக்கே தெரியாது. மாடுகூடத் திங்காது."

அன்றைக்கு அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மறுநாள் விதையைக் கையில் கொடுத்து, பிடுங்கிய பாத்தியைத் திரும்பப் போடச் சொன்னார்கள். குனிந்து நிமிர்ந்து சாயங்காலம் இடுப்பு ஒடிந்தது. இரவு தங்கைக்குப் போன் செய்து, "நான் இங்கயே இருந்துடலாம்னு பாக்கறேன்" என்றாள்.

"ஏன்க்கா, நல்லா கவனிச்சுக்கறாங்களா?"

"கவனிக்கவே இல்ல."

*

ஒரு வருடம் எல்லாம் சுமுகமாகத்தான் போயிற்று, தச்சர் விஷயத்தைத் தவிர.

கிணற்றடியில் ஒரு பலகை, 'இங்கே துணி துவைக்க கூடாது.' அவள் சாக்கட்டியால் நடுவில் ஒரு 'க்' போட்டாள். மாட்டுக்கொட்டிலில் 'கன்று குட்டியை கட்டவும்.' அதற்கு இரண்டு ஒற்று. விதை வைக்கும் கொட்டகையில் 'எலி ஜாக்கிறதை.' அதைப் பார்த்துச் சற்று நேரம் நின்றுவிட்டாள். அவளுடைய சிவப்புப் பேனா பொது அலமாரிக்குப் போய்விட்டது, அதை எடுத்துத் தச்சர் மரத்தில் அறுக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். பொது என்றால் பொதுதான்.

"அந்த ரெண்டாவது 'க்' எதுக்கு?" என்று தச்சர் ஒருநாள் கிணற்றடியில் கேட்டார். "பலகைக்கு விக்கல் வந்த மாதிரி இருக்கு."

"அங்க வரணும்."

"வராட்டி? துணி துவைச்சிடுவாங்களா?"

"துவைக்க மாட்டாங்க. ஆனா தப்பு."

"யாருக்கும் தொந்தரவு இல்லாத தப்பு."

"எனக்குத் தொந்தரவு."

தச்சர் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து மறுபடி மாட்டினார். 'க்' இருந்தது, சாக்கட்டியில் இல்லை, உளியால் செதுக்கி. மற்ற எழுத்துகளைவிட ஆழமாகச் செதுக்கியிருந்தார். அது மரியாதையா கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சித்தியைக் கேட்டாள்.

"தச்சருக்குக் கோவம் வந்தா ஆழமாத்தான் செதுக்குவார். சந்தோசம் வந்தாலும் அப்படித்தான்" என்றாள் சித்தி. "ஆளை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது."

வருட முடிவு நெருங்க நெருங்க இது அவளை அரிக்க ஆரம்பித்தது. பண்ணைக் கூட்டத்தில் யாரும் ஆதரித்துக் கை தூக்குவதில்லை. ஆரம்ப நாட்களில் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்களாம். பக்கத்தில் இருப்பவர் தூக்குகிறாரா என்று பார்த்துத் தூக்குகிறார்கள் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். இப்போது தீர்மானத்தைப் படிப்பார்கள். கூட்டத்தை நடத்துகிற மேஸ்திரி மனத்துக்குள் ஐம்பது எண்ணுவார். எல்லாரும் பேசாமல் இருந்தால் நிறைவேறிவிட்டது. ஐம்பதுக்குள் ஒரு கை தூக்கினாலும் அவ்வளவுதான். மற்ற விஷயமென்றால் அடுத்த மாதம் பேசலாம். ஆள் சேர்க்கும் விஷயமென்றால் அடுத்த மாதத்துக்குள் ஆள் போய்விட்டிருப்பார்.

ஒரே கை. அது தச்சருடைய கையாக இருக்க எல்லா நியாயமும் இருந்தது.

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது திருத்துவதை நிறுத்தினாள். சமையலறைக் கரும்பலகையில் 'இன்றய சமயல்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டை எடுத்தாள். மறுநாளும் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் சித்தி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா உடம்புக்கு? நான் வேணும்னே எழுதி வச்சிருக்கேன், நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுப் போறீங்க."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம இப்படி இருக்காது. காய்ச்சலா?"

தங்கை போனில், "உன் ரூம்ல இவர் கம்ப்யூட்டரை வச்சிருக்கார். நீ வந்தா எடுத்துடுவார். நாற்காலி புதுசா வாங்கியிருக்கோம், சாஞ்சு உக்காரலாம்" என்றாள். அன்றிலிருந்து அந்த நாற்காலி அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

*

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, விதைக் கொட்டகையில். வரிசையில் அடுத்து நின்ற ஆள் ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எந்த இடத்துக்கும் நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்து பழகியவர். கொட்டகை வாசலில் தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்து, உள்ளே நடப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். தச்சர் குறிப்பேட்டைத் திறந்தார். அவள் ஓரத்துப் பெஞ்சில், சாக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் தச்சரின் வலது கைமேல் வைத்திருந்தாள். அது குறிப்பேட்டைப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறவரை நல்லது.

தச்சர் படித்தார்.

"இந்த ஓராண்டுக் காலம் பண்ணையில் சேர்ந்து உழைத்தவரை, இன்று முதல் நம்மில் ஒருவராக நாம் ஏற்றுக்கொள்கிறோம்."

ஒற்றெல்லாம் அழுத்தி அழுத்திப் படித்தார். 'ஓராண்டுக் காலம்' என்ற இடத்தில் 'க்' கொட்டகைக்கு வெளியே கேட்டிருக்கும். மேஸ்திரி எண்ண ஆரம்பித்தார். அவர் உதடு லேசாக அசைந்தது.

பதினைந்தோ இருபதோ ஆகியிருக்கும். ஒரு கை உயர்ந்தது. இரண்டு விரலும் கட்டைவிரலும் சேர்ந்து, இல்லாத ஒரு பேனாவைப் பிடித்திருந்தன.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாக அவளும் பார்த்தாள். அது அவள் கைதான்.

"தண்ணி வேணுமா?" என்றார் மேஸ்திரி.

"இல்ல. ஒரு திருத்தம்."

"அக்கா, கையை இறக்குங்க" என்று சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"'நாம் ஏற்றுக்கொள்கிறோம்'னு இருக்கு. 'நாம்'னா கேக்கறவங்களும் அதுல சேத்தி. நானும் இங்கதான் உக்காந்து கேட்டுட்டிருக்கேன். அப்ப என்னை நானே ஏத்துக்கற மாதிரி ஆயிடுது. 'நாங்கள்'னு வரணும்." சொல்லி முடித்த பிறகுதான் தான் செய்திருப்பது என்னவென்று அவளுக்கு உறைத்தது. கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

கொட்டகையில் யாரோ கொஞ்சம் சிரித்து நிறுத்தினார்கள்.

"ஊர்ல இல்லாத அதிசயம்" என்றாள் சித்தி. "தானே வந்து தன் கதவைச் சாத்திக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

மாடுகளைப் பார்த்துக்கொள்கிற பால்காரர் எழுந்தார். "இதுல பிரச்சினையே இல்ல. அவங்க இன்னும் உறுப்பினர் கிடையாது. அவங்க கை கணக்குல வராது. எண்ணுங்க மேஸ்திரி."

"கணக்குல வராதுன்னா அவங்க நம்மள்ல சேத்தி இல்லைன்னு ஆகுது" என்றார் மேஸ்திரி. "அப்ப அவங்க சொல்ற திருத்தம் சரி. தப்பா இருக்கற தீர்மானத்தை எப்படி எண்ணுறது?"

"அப்ப கை கணக்குல வருதுன்னு வச்சுக்குங்க."

"வருதுன்னா தடை. அடுத்த மாசம்."

"வருதுன்னா அவங்க ஏற்கெனவே உள்ளதான இருக்காங்க? தீர்மானமே எதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வாசலிலிருந்து டிரைவர், "நான் பெட்டியை எங்க வைக்கிறது, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

இவ்வளவு நேரமும் தச்சர் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரிடம், "ஒரு வார்த்தைதானய்யா, 'நாங்கள்'னு அடிச்சு மாத்திடு, வேலை முடிஞ்சுது" என்றார்.

"மாத்த மாட்டேன்" என்றார் தச்சர்.

அவள் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

"தெரியாம எழுதலை. மூணு தடவை 'நாங்கள்'னு எழுதி மூணு தடவையும் அடிச்சேன். பாருங்க, அடிச்ச கோடு இருக்கு." குறிப்பேட்டைத் திருப்பிக் காட்டினார். கோடு சிவப்பு மையில் இருந்தது. "அவங்களை வெளிய நிக்க வச்சு, நாங்கள்லாம் உள்ள உக்காந்து கதவைத் தொறந்துவிடற மாதிரி இருந்துச்சு. காரட்டுப் பாத்தியைப் பிடுங்கினவங்களும் அவங்கதான், போட்டவங்களும் அவங்கதான். 'நாம்'தான் வருது எனக்கு. இலக்கணம் எப்படியோ போகட்டும்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க? கையை எடுத்துட்டேன்னு சொல்லுங்க போதும். எண்ணிடறேன்."

ஒரு வார்த்தை. பரவாயில்லை என்றால் போதும். அவளால் முடியும் என்றுதான் அவளே நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள் தச்சரிடம். "ஆனா பிழை."

சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தச்சர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அந்த மூன்று சிவப்புக் கோடுகளை விட்டுக் கண் நகரவில்லை. முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பேர் எழுதியதை அவள் அடித்திருக்கிறாள். அவளுக்காக ஒருவர் தான் எழுதியதையே அடித்து அவள் பார்த்ததில்லை. 'நாங்கள்' என்று மாற்றினால் பிழை போய்விடும். அவர் எழுதியதும் போய்விடும். மாற்றாவிட்டால் அது இருக்கும், பிழையாக. வாக்கியத்தை ஒருமுறை மனத்துக்குள் முதலிலிருந்து ஓட்டினாள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தப்பான இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அது ஓரத்துப் பெஞ்சில் இருந்தது.

எழுந்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் மேஸ்திரி.

"வெளிய. நான் கேக்காட்டி 'நாம்' சரி. ஒரு எழுத்தும் மாத்த வேண்டாம்."

தச்சர் நிமிர்ந்தார். "வெளிய நிக்க வைக்கக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன்."

"நீங்க நிக்க வைக்கல. நானாப் போறேன்" என்றாள். "படிங்க. மெதுவாப் படிங்க, எனக்குக் கேக்கக் கூடாது."

*

வெளியே வெயில் இதமாக இருந்தது. டிரைவர் பெட்டியில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. கதவை இழுத்துச் சாத்தினாள். நல்ல தச்சுவேலை, இடுக்கு இல்லாமல் மூடிக்கொண்டது.

"உள்ள என்ன சண்டை?" என்றார் டிரைவர்.

"சண்டை இல்ல. இலக்கணம்."

"அதுக்கும் இங்க வேலை உண்டா? எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும்."

"இப்பப் பேசாதீங்க, நான் எண்ணிட்டிருக்கேன்."

எண்ணினாள். உள்ளே சத்தமில்லை. சத்தம் இல்லாதது நல்லது. இருபது. அவள் உள்ளே இல்லாததால் இப்போது யாரும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, மனத்தில் இருப்பதைச் செய்யலாம் என்பது முப்பது வந்தபோதுதான் தோன்றிற்று. முப்பத்திரண்டில் உள்ளே ஒரு குரல் எழுந்தது. தச்சர் குரல். வார்த்தை பிடிபடவில்லை. அவள் எண்ணுவதை நிறுத்தினாள். தங்கை வீட்டு நாற்காலியின் சாய்மானம் முதுகில் பட்டது. ஒரு பெஞ்சு நகர்ந்தது. யாரோ சலித்துக்கொண்டார்கள். பிறகு மறுபடி நீளமாக ஒன்றுமில்லை. ஐம்பதல்ல, நூறுகூட எண்ணியிருக்கலாம். மேஸ்திரி செங்கல் எண்ணிப் பழகியவர், ஒன்றொன்றாகத் தொட்டு வைத்துத்தான் எண்ணுவார்.

கதவு திறந்தது. சித்தி தலையை நீட்டினாள்.

"என்ன இங்கயே நின்னுட்டீங்க? அடுத்தது பம்ப் விஷயம். எல்லாரும் இருந்தாத்தான் ஆரம்பிப்பேன்னு மேஸ்திரி அடம்பிடிக்கிறார். இருபத்து நாலு பேர்ல ஒரு ஆள் குறையுதாம்."

அவள் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுல தச்சர் என்னவோ பேசினாரே?"

"அதையேன் கேக்கறீங்க. நல்லா எண்ணிட்டிருந்தார் மேஸ்திரி. இந்த ஆள் 'நிறுத்துங்க, நிறுத்துங்க'ன்னார். எழுதினதுல 'நம்மில்'க்கு ஒரு புள்ளி விட்டுப்போச்சாம். வச்சுட்டு, மறுபடி முதல்லேருந்து படிச்சு, மறுபடி முதல்லேருந்து எண்ணி... ரெண்டு பேரும் சேந்து எங்க உயிரை வாங்குங்க. வாங்க உள்ள."

டிரைவர் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டிருந்தார். "அப்ப ரூமு?"

"உங்களுதுதான், போங்க" என்றாள். "என் துணிமணியைச் சாயங்காலம் எடுத்துக்கறேன். ஜன்னல் கொக்கி நிக்காது, ஒரு அட்டையை மடிச்சுச் சொருகணும்."

"அட்டை எங்க இருக்கும்?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மேஸ்திரி, பம்புக்கு வாஷர் மாற்றுவதா பம்பையே மாற்றுவதா என்று ஆரம்பித்துவிட்டார். கூடவே பால்காரர் வாஷர் போதும் என்றார், இன்னொருவர் போன தடவையும் இதைத்தான் சொன்னீர்கள் என்றார். அவள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.